வெயில் ஏறும் முன் எடுத்த படங்கள்

அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வெயில் ஏறிய பிறகு யாரும் படம் எடுக்கக் கூடாது. சட்டம் போட்டவள் அம்மா. அதற்குக் கட்டுப்பட வேண்டியவள் நான் ஒருத்திதான், ஏனென்றால் டச் போனைச் சரியாகக் கையாளத் தெரிந்தவள் வீட்டில் நான் மட்டும்தான். தம்பிக்கும் கொஞ்சம் தெரியும். ஆனால் அவனுக்கு நாலு வயது. அவன் எடுக்கும் படங்களில் பெரும்பாலும் அவனுடைய கட்டைவிரல்தான் இருக்கும்.

அப்பா நிலத்தில் துளை போடும் போர் வண்டியில் வேலைக்குப் போயிருந்தார். மொரப்பூருக்கும் அரூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து அப்படிப் போகிறவர்கள் நிறைய. ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பூசணிக்காய் உடைத்துவிட்டுக் கிளம்புவார்கள். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று கண்காணாத ஊர்களில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டே போய், அங்கே மழை இறங்கும் சமயத்தில்தான் திரும்புவார்கள். யார் நிலத்திலாவது தண்ணீர் பீறிட்டால் அப்பா அந்த ஈரச் சட்டையோடு நின்று ஒரு படம் எடுத்து அனுப்புவார். தன் வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தேறியதுபோல முகம் இருக்கும்.

கிளம்புகிற அன்று என்னிடம் புதுப் போனைக் கொடுத்து, “பாப்பா, தெனமும் நெலத்த ஒரு போட்டோ புடிச்சு அனுப்பு. பாக்காம எனக்குச் சோறு எறங்காது” என்றார். ‘உங்களைப் பார்க்காமல்’ என்று சொல்லாமல் ‘நிலத்தைப் பார்க்காமல்’ என்றதில் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். அதை அவள் என்னிடம்தான் சொன்னாள், அவரிடம் சொல்லவில்லை.

முதல் சில மாதங்கள் படம் எடுப்பது பெரிய காரியமாக இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வரப்பில் நின்று ஒரு தட்டு தட்டுவேன். தக்காளி, அதற்கப்பால் அப்பா வைத்த தென்னைகள், அதற்கப்பால் நீலமாகச் சித்தேரி மலை. நிலத்தின் மேட்டில் ஒரு பாறை உண்டு. அதன் மேல் ஏறினால்தான் படம் போய்வரும் அளவுக்குச் சிக்னல் கிடைக்கும், வீட்டில் பேச மட்டும்தான் முடியும். ஏறி அனுப்பிவிட்டு இறங்கினால் என் வேலை முடிந்தது.

தை கடைசியில் ஒரு நாள் மோட்டார் போட்டபோது குழாய் இருமியது. கொஞ்சம் சேறு துப்பியது. பிறகு வெறும் காற்று. அம்மா மோட்டாரை நிறுத்தினாள், கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் போட்டாள், நிறுத்தினாள். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“அப்பாகிட்டச் சொல்லாத.”

“ஏம்மா?”

“சொன்னா வேலைய உட்டுட்டு வந்து நிப்பாரு. இன்னொரு போர் போடணும்பாரு. நெலத்த அடமானம் வெச்சிருவாரு.”

எங்கள் நிலத்தில் அதற்கு முன்பே இரண்டு துளைகள் இருந்தன. ஒன்றில் தண்ணீர் வந்தது, அதுதான் இப்போது நின்றுபோனது. இன்னொன்றைப் போட்ட அன்று எத்தனை இரும்பு ராடு இறக்கியும் வெள்ளைப் புகையாகக் கல்தூள்தான் வெளியே வந்தது. ஊரே கூடி நின்று இருமியது. அப்பா மட்டும் வடக்கு மூலையைக் காட்டி, ‘அங்க ஒரு தண்ணிப் பாயிண்ட் இருக்குது’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஊர் ஊராகத் துளை போடுகிறவருக்குச் சொந்த நிலத்தில் நிறுத்தத் தெரியவில்லை என்பாள் அம்மா.

ஆக, அன்றைக்கு ஆரம்பித்தது என் படிப்பு.

முதல் பாடம், உச்சி வெயிலில் எடுக்கக் கூடாது என்பது. தண்ணீர் நின்ற அடுத்த வாரம் விடுமுறை நாளில் மத்தியானம் ஒரு படம் எடுத்து அம்மாவிடம் காட்டினேன். செடியெல்லாம் வெளுத்து, மண் தனியாக, காய்ந்தது தனியாக அப்பட்டமாகத் தெரிந்தது. “எல்லாமே தெரியுது புள்ள. இது ஆவாது” என்றாள். மறுநாள் பொழுது கிளம்பும்போது எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். அதே நிலம்தான். ஆனால் கிழக்கிலிருந்து தாழ்வாக வந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு செடிக்கும் நீளமாக நிழல் விழுந்து, இல்லாத செடிகள் இருந்த இடத்தை அந்த நிழல்கள் நிரப்பியிருந்தன. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மாவுக்கும்தான். ஆனால் அவள் அதைக் காட்டிக்கொள்ளாமல், “ம், இதுதான்” என்றாள், ஏற்கெனவே தெரிந்தவள்போல.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் படம் சப்பையாக இருக்கும். பக்கவாட்டில் வைத்தால் இலையின் நரம்புகூடத் தெரியும். சூரியனுக்கு எதிராகத் திரும்பி எடுத்தால்தான் வித்தை. காய்ந்து சுருண்ட இலையின் விளிம்பு எதிர்வெளிச்சத்தில் சரிகைபோல மின்னும். காய்ந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நின்று எடுத்தால் நிலம் பரந்து கிடக்கும், பொத்தலெல்லாம் தெரியும். குந்தி உட்கார்ந்து, போனைத் தரைக்கு அருகில் வைத்து எடுத்தால் முன்னால் இருக்கும் ஒரே செடி பின்னால் இருக்கும் பத்துச் செடியின் குறையை மறைத்துவிடும். அந்த ஒரு செடிக்கு அம்மா பாத்திரம் கழுவிய தண்ணீரை விட்டு வளர்த்தாள். படம் எடுக்கும் முன் அதன் மேல் கொஞ்சம் தெளிப்பாள்.

“மழ பேஞ்சுதா?” என்று அப்பா கேட்டார்.

“இல்லீங்க, பனி” என்றாள் அம்மா, கூசாமல்.

தென்னைகளைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. மட்டைகள் ஒவ்வொன்றாக மடிந்து தொங்க ஆரம்பித்திருந்தன. “இந்தப் பக்கம் ஒரு அடி நகரு. தென்ன வேணாம்” என்பாள் அம்மா. நான் நகர்வேன். நாளாக நாளாக நகர வேண்டிய தூரம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் நிலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒன்று வேண்டாததாக இருந்தது. அப்போதுதான் அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது.

“குருவி எதாச்சும் ஒக்காந்தா புடி. குருவியப் பாக்கறவரு நெலத்த எங்க பாக்கப் போறாரு?”

அந்த ஒரு வாக்கியத்தால் நான் பறவைகளைப் படம் பிடிக்கிறவள் ஆனேன். இன்றைக்கும் விடுமுறை கிடைத்தால் போனை எடுத்துக்கொண்டு ஏதாவது ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துவிடுகிறேன் என்றால் அதற்கு மூல காரணம் அம்மா சொன்ன ஒரு பொய்.

கல்தூண் வேலியில் கரிச்சான் குருவி உட்காரும். வறண்ட தொட்டிக்குள் மைனாக்கள் இறங்கிப் பூச்சி பொறுக்கும். காலையில் மயில்கள் வரப்பில் நடந்து போகும், நிலம் தங்களுடையது என்பதுபோல. போனில் பெரிதாக்கி எடுத்தால் படம் கலங்கிவிடும் என்பதால் வயிற்றால் ஊர்ந்து போகக் கற்றுக்கொண்டேன். சட்டையெல்லாம் மண்ணாகும், அம்மா திட்ட மாட்டாள். குருவியை நட்டநடுவில் வைத்தால் அது சாமி படம்போல இருந்தது. ஓரத்தில் வைத்து, அது பார்க்கும் திசையில் கொஞ்சம் இடம் விட்டால் உயிர் வந்தது. அந்த இடத்தை விடாவிட்டால் குருவி சுவரில் முட்டிக்கொண்டதுபோல இருக்கும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முட்டிக்கொண்ட குருவிகளை நிறைய எடுத்த பிறகு எனக்கே தெரிந்தது.

அப்பாவுக்குப் படங்கள் பிடித்திருந்தன. பாறை மேல் நின்று அவர் அனுப்பிய வாய்ஸைக் கேட்பேன். பின்னால் கம்ப்ரசர் சத்தம் இரைய, “பாப்பா, கரிச்சான் சூப்பரா இருக்குது” என்பார். கொஞ்சம் நிறுத்தி, “அதுக்குப் பின்னாடி மங்கலா என்ன கண்ணு?” என்பார். நான் அடுத்த படத்தை அனுப்பிவிடுவேன்.

ஆபத்து தம்பி மூலமாகத்தான் வந்தது. ஒருநாள் அப்பா பேசிக்கொண்டிருக்கும்போது போனைப் பிடுங்கி, “அப்பா, மோட்டார்ல தண்ணி வரல” என்றான். அம்மா அடுப்பிலிருந்து எழுந்து வந்து, “கரண்டு இல்லீங்க, அதச் சொல்றான்” என்றாள். பிறகு அப்பா, “சரி. பாப்பாவ நடுவுல நின்னு ஒரு சுத்து சுத்தி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லு. மொத்தமாப் பாக்கணும்” என்றார்.

எனக்குப் படத்தில் எதை விடலாம் என்று தெரியும். ஒரு சுற்று சுற்றினால் எதை விடுவது? அம்மா அசரவில்லை. “வீடியோவெல்லாம் போவ மாட்டேங்குதுங்க, நெட்டு நிக்கல. அது கெடக்கட்டும். நீங்க நேரா நின்னு ஒரு போட்டோ அனுப்புங்க. புள்ளைங்க மொவத்தத் தேடுது” என்றாள்.

மறுநாள் படம் வந்தது. நான் பார்த்ததிலேயே அழகான படம் அது. இலையே இல்லாமல் முழுக்க நெருப்பு நிறத்தில் பூத்திருந்த ஒரு மரம். சாயங்கால வெளிச்சம். அப்பா நடுவில் நிற்கவில்லை. இடது ஓரமாக, அடிமரத்துக்குப் பாதி பின்னால், முகமும் ஒரு தோளும் மட்டும் தெரிய நின்று சிரித்தார். எனக்குப் பெருமை பொங்கியது. ஓரமாக நிற்பதை என் படங்களைப் பார்த்துத்தான் அவர் கற்றுக்கொண்டார் என்று நினைத்தேன். அம்மா என் கையிலிருந்து போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, மரத்தையும் தோளையும் மாறி மாறிப் பார்த்தாள். “பூ நல்லாருக்குதில்லம்மா?” என்றேன். “ம்” என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மரத்தின் அழகில் மயங்கிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அப்பா அனுப்பிய படங்களும் என் படங்களைப் போலவே ஆகிவிட்டன. லாரிக் கதவுக்குப் பின்னால் அப்பா. துண்டைப் போர்த்திக்கொண்டு அப்பா. பல நாள் அப்பாவே இல்லாமல் ஒரு குளம், ஒரு கொக்கு, ஒரு மலை. அவருக்கும் குருவிப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சிரித்தேன்.

பங்குனியில் எனக்கு யோகம் அடித்தது. வாலைத் தூக்கிக்கொண்டு தத்தித் தத்திப் போகும் கறுப்புக் குருவி ஒன்று தொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தது. கருஞ்சிட்டு என்று அதன் பெயர் பிற்பாடுதான் தெரியும். அதன் பெட்டை பழுப்பாக இருக்கும். அது வாயில் தேங்காய் நாரையும் முடியையும் கவ்விக்கொண்டு வந்து வந்து எங்கோ மறைந்தது. மூன்று நாலு காலை படுத்துக் கிடந்து பார்த்தேன். தொட்டிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த மோட்டார் குழாயின் வாய்க்குள்தான் கூடு கட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு காலை எல்லாம் கூடி வந்தது. பக்கவாட்டில் பொழுதின் முதல் வெளிச்சம். குழாயின் வட்டமான கறுப்பு வாய். அதன் விளிம்பில் பெட்டை, அலகில் ஒரு வெள்ளை முடி, அந்த முடி மட்டும் தீப்போல எரிகிறது. தென்னை இல்லை, தக்காளி இல்லை, காய்ந்தது எதுவும் இல்லை. அம்மாவிடம் காட்டினேன். அவளும் நன்றாகப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் தெரியல. அனுப்பு” என்றாள்.

அப்பா உடனே பதில் அனுப்பும் ஆள். அன்று நான் பள்ளிக்கூடம் கிளம்பும் வரை ஒன்றும் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பாறை மேல் ஏறியபோது ஒரு சின்ன வாய்ஸ் இருந்தது. கம்ப்ரசர் சத்தம் இல்லை. “பாப்பா, நீ எடுத்ததுலயே இதுதான் நல்ல படம்.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் வீடியோ கேட்கவில்லை. மழையைப் பற்றிக் கேட்கவில்லை. மோட்டாரைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரே ஒரு படத்தால் அவரை முழுசாக ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குக் கர்வம்.

வைகாசி கடைசியில் வந்தார். மொரப்பூரில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து, ரோட்டோரம் இறங்கினால் வீட்டுக்குத் தடம் இருக்கிறது. அவர் அந்தத் தடத்தில் வராமல் நிலத்துக்குள் இறங்கி நேராக வந்தார். அம்மா அவரை வாசலிலேயே உட்காரவைத்து, சாப்பாடு போட்டு, பக்குவமாகச் சொல்லலாம் என்று வைத்திருந்த திட்டம் அதோடு போயிற்று. நான்தான் முதலில் பார்த்து ஓடினேன். பை வலது தோளில் இருந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. மோதிர விரலும் சுண்டு விரலும். அந்த இடத்தில் தோல் புதிதாக, இளஞ்சிவப்பாக மின்னியது. கிட்டப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் அந்தக் கையை மறைக்கவில்லை. மற்றக் கையால் என் தலையைத் தொட்டார்.

மொட்டையாக நின்ற ஒரு தென்னையின் அடியில் உட்கார்ந்தார். “போனக் குடு பாப்பா” என்றார். படங்களை முதலிலிருந்து தள்ளிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றிலும் நிறுத்தி, படத்தின் விளிம்பைத் தொட்டு, “இந்தப் பக்கம் என்ன இருந்துச்சு?” என்று கேட்டார்.

யாராவது அப்படிக் கேட்க மாட்டார்களா என்று நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன். பயமெல்லாம் பறந்துவிட்டது. “அந்தப் பக்கம் தென்னப்பா, மட்ட தொங்குச்சு, அதனால நகந்துட்டேன். இது கீழ குந்தி எடுத்தது, நின்னு எடுத்தா பொத்தல் தெரியும். இதுல தண்ணி தெளிச்சோம்.” என் சாமர்த்தியத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் நல்ல மாணவனைப்போலத் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

குழாய்ப் படத்தில் எதுவும் கேட்கவில்லை. நானே சொன்னேன், “இதுல எதையும் ஒதுக்கலப்பா. குருவி மட்டும்தான்.”

“தெரியும் கண்ணு” என்றார்.

செம்பில் தண்ணீரோடு அம்மா பின்னால் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. அப்பா திரும்பாமலே கேட்டார்.

“எப்ப நின்னுச்சு?”

“தை கடசில.” அவள் கேட்டாள், “உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“கரிச்சானுக்குப் பின்னாடி மங்கலா மட்ட தொங்கறப்பவே சந்தேகந்தான். தண்ணி ஓடற கொழாயில குருவி கூடு கட்டுமா?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் குழாயைப் பார்த்தேன். கூடு அங்கேயே இருந்தது. அது எவ்வளவு நாளாக அங்கே இருந்தது, அதற்கு எவ்வளவு நாள் தண்ணீர் வராமல் இருந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் என் தலைக்குள் மெதுவாக இறங்கியது.

“கை எப்ப?” என்றாள் அம்மா.

“மாசியில. ராடு மாத்தறப்ப.” இப்போது அவர் கேட்டார், “உனக்கு?”

“அந்தப் பூ மரத்துலயே. அதுக்கப்பறம் எந்தப் படத்துலயும் எடது கையக் காணம். கை இருக்குதா இல்லியான்னே தெரியாம இருந்தேன்.”

சொல்லும்போது அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அப்பா எதையோ சொல்ல வாயெடுத்து, வடக்கு மூலைப் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வையை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் குந்தி, அந்த இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெட்ட வெளியில், பட்டப்பகலில், என் கண் முன்னால் அவள் அவர் கையைப் பிடித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெட்கமாகி வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுபடி திரும்பியபோது அப்பா வடக்கு மூலையைப் பார்க்கவில்லை. அதன் பிறகு அந்தப் பாயிண்டைப் பற்றி அவர் பேசியதும் இல்லை.

எனக்கு மட்டும் கோபமாக இருந்தது. இவர்களுக்காக மண்ணில் ஊர்ந்திருக்கிறேன். விடியலில் எழுந்திருக்கிறேன். “ரெண்டு பேருக்கும் தெரிஞ்சே இருந்துச்சுன்னா அப்பறம் எதுக்குத் தெனமும் போட்டோ கேட்டீங்க?” என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா, “பேசாம இரு புள்ள” என்றாள். அப்பா, “குஞ்செல்லாம் பறந்துருச்சா பாப்பா?” என்று கேட்டார். பறந்துவிட்டது என்றேன். அதைச் சொல்லும்போது அழுகை வந்தது, ஏனென்று தெரியவில்லை.

அப்பா மறுபடியும் போர் வண்டிக்குப் போகவில்லை. மழையை நம்பி நிலத்தில் கொள்ளும் சாமையும் போட்டோம். தென்னைகளை வெட்டினோம். அவர் அரூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் வந்துவிடுவார். அப்படி இருந்தும் தினமும் மத்தியானம் அம்மாவுக்கு ஒரு படம் அனுப்புவார். அதை அம்மா வாங்கிப் பார்ப்பதற்காக நான் பாறை மேல் ஏற வேண்டியிருந்தது, சாயங்காலம் ஆள் நேரிலேயே வந்துவிடுவார் என்றாலும்.

படங்கள் கண்றாவியாக இருக்கும். உச்சி வெயிலில் வெளுத்துப்போன மில் முற்றம். நட்டநடுவில் ஒரு வேப்பமரம். மரத்தடியில் அணில் இருக்கிறது என்பார், தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட மோசம், அணிலைக் காட்டுவதற்கென்று அந்த இடது கையையும் படத்துக்குள் நீட்டியிருப்பார். மூன்று விரலும் முன்னால் பெரிதாக வந்து பாதிப் படத்தை அடைத்துக்கொள்ளும்.

“அப்பா, வெயில்ல எடுக்காதீங்க. கை உள்ள வருது பாருங்க, அதத் தள்ளி வெச்சு எடுங்க” என்று எத்தனையோ முறை சொன்னேன்.

“வரட்டும் பாப்பா” என்பார்.

அம்மாவோ, நான் எடுத்த கரிச்சானையும் மயிலையும் ஒரு தடவைக்கு மேல் பார்க்காதவள், இந்தப் படங்களைப் பாறை அடியில் நின்று கண்ணுக்குக் கிட்ட வைத்து அவ்வளவு நேரம் பார்ப்பாள். பார்த்துவிட்டு, “சாப்டீங்களான்னு கேளு” என்று போனை மேலே நீட்டுவாள். நான் வாங்கி, கேட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து பெருமூச்சு விடுவேன். இத்தனை மாதம் என் படங்களைப் பார்த்தும் இரண்டு பேருக்கும் நல்ல படம் எது என்று தெரியவில்லையே என்று எனக்கு மெய்யாகவே கவலையாக இருந்தது.